நாய் மேல இருக்கறது கொஞ்சம்தான், மிச்ச உண்ணியெல்லாம் உங்க சுவத்துல இருக்கு

எங்க வீட்டு மணிக்கு ஒரு ஞாயித்துக்கெழமை உக்காந்து உண்ணி பொறுக்கினேன். மணி நாட்டு நாய்தான், தெருவுல குட்டியா கெடைச்சவன், இப்ப 16 கிலோ. காதுக்குள்ள, கால் விரல் இடுக்குல, வால் அடியிலன்னு தேடித் தேடி எடுத்து சோப்புத் தண்ணி டப்பால போட்டு எண்ணிப் பாத்தா 43. பெரிய சாதனை பண்ண மாதிரி காபி எல்லாம் குடிச்சேன். செவ்வாய்க்கெழமை காதைத் தடவிப் பாத்தா மறுபடி அதே மாதிரி கொத்தா ஒட்டிட்டு இருக்கு. பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனதுதான் தப்புன்னு பார்க்கையும் அங்க வர்ற மத்த நாய்ங்களையும் ஒரு வாரம் திட்டிட்டு இருந்தேன், அப்பறம் ஒரு ராத்திரி ஹால்ல டிவி பாக்கறப்ப தினசரி காலண்டருக்குக் கீழ சாம்பல் கலர்ல கொட்டைமுத்து (ஆமணக்கு விதை) சைஸுல ஒண்ணு சுவத்துல மெதுவா மேல ஏறிட்டிருக்கு. காலண்டரத் தூக்கிப் பாத்தா பின்னாடி இன்னும் நாலு.

அன்னிக்குத்தான் ஒரு விஷயம் புரிஞ்சுது. நாய் வளக்கறவங்க பேசிக்கறதைக் கேட்டா கற்பூர எண்ணெய் தடவுங்க, இந்த ஷாம்பூ போடுங்க, ஒரு ஊசி போட்டா ஆறு மாசம் எட்டிப் பாக்காதுன்னு எல்லாமே நாயைச் சுத்தியே இருக்கும். உண்ணி எங்க பொறக்குது, எங்க தூங்குதுன்னு யாரும் கேக்கறதில்ல. அதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா எந்த மருந்து எதுக்கு, ஏன் ஒரு தடவை போட்டா பத்தாதுங்கறதெல்லாம் தானா வெளங்கிடும்.

மொதல்ல யார் யாருன்னு பாப்போம்

உண்ணி வேற, தெள்ளுப்பூச்சி வேற. ரெண்டையும் சேத்து "பூச்சி"ன்னு சொல்லிடறோம், கடையிலயும் "பூச்சி மருந்து குடுங்க"ன்னு கேட்டு ஒண்ணுக்கான மருந்தை இன்னொண்ணுக்கு வாங்கிட்டு வந்துடறோம்.

உண்ணி பூச்சியே கெடையாது, சிலந்தி, தேள் குடும்பத்துச் சொந்தக்காரன், வளந்ததுக்கு எட்டு கால். பறக்காது, குதிக்காது, மரத்துலேர்ந்து விழாது. எங்கயாவது காத்துட்டு இருக்கும், நாய் உரசினா ஏறிக்கும். முன்னங்கால் நுனியில ஹாலர் உறுப்புன்னு ஒண்ணு இருக்கு, அதான் அதோட மூக்கு, நாம விடற மூச்சுக்காத்து, உடம்புச் சூடு, வாசனை எல்லாத்தையும் அதுலதான் மோப்பம் புடிக்கும்.

தெள்ளு உண்மையான பூச்சி. ஆறு கால், றெக்கை இல்ல, பக்கவாட்டுல தட்டி வெச்ச மாதிரி ஒல்லி உடம்பு, முடிக்குள்ள சர்ருன்னு ஓடும், கை வெச்சா குதிச்சிடும். அதனால தெள்ளைக் கண்ணால பாக்கறதே கஷ்டம். ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு, நாயை வெள்ளைத் துணி மேல நிக்க வெச்சு பேன் சீப்பால வாருங்க, கறுப்பா மிளகுத்தூள் மாதிரி விழுந்தா அதுல ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க. செம்பழுப்பா கரைஞ்சா அது மண்ணு இல்ல, தெள்ளோட எச்சம், அதாவது உங்க நாயோட காஞ்ச ரத்தம்.

உண்ணிங்கற பேரே அழகு, "உண்"ணுங்கறதுலேர்ந்து வந்தது, சாப்பிடறதைத் தவிர வேற வேலையே இல்லாத ஆளு. மாடு மேயற எடத்துல கூடவே நடக்கற வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்குன்னுதானே பேரு. ரத்தம் குடிச்சு ஊதின உண்ணி கொட்டைமுத்து மாதிரி இருக்குன்னு நான் சொன்னேன்ல, அதே நெனப்பு லத்தீன்காரனுக்கும் வந்திருக்கு, ஆமணக்குச் செடியோட அறிவியல் பேர்ல வர்ற "ரிசினஸ்"ங்கற வார்த்தைக்கு லத்தீன்ல உண்ணின்னுதான் அர்த்தம்.

மெஸ்ஸும் மேன்ஷனும்

திருவல்லிக்கேணி மேன்ஷன்ல தங்கற பேச்சுலர் பசங்களை நெனச்சுக்கோங்க. சாப்பாடு மெஸ்ல, தூக்கம் மேன்ஷன்ல. மெஸ் வாசல்ல நின்னு எண்ணினா பத்து பேர் தெரிவாங்க, மேன்ஷன்ல மாடி மாடியா எத்தனை பேர் இருக்காங்கன்னு அங்க நின்னு சொல்ல முடியாது. உண்ணிக்கு உங்க நாய் மெஸ். உங்க வீடு மேன்ஷன்.

நம்ம ஊர் வீட்டு நாய்ங்ககிட்ட அதிகமா பாக்கறது பழுப்பு நாய் உண்ணி. மத்த பல உண்ணிங்க காடு, புல்லுன்னு வெளியிலதான் வாழும், இது ஒண்ணு மட்டும் வீட்டுக்குள்ளயே பொறந்து வளந்து பேரன் பேத்தி எடுக்கற அளவுக்கு நம்மளோட செட் ஆயிடுச்சு. அதோட வாழ்க்கை இப்படிப் போகும்.

முட்டை பொரிஞ்சு வர்றது லார்வா, கடுகை விடச் சின்னது, ஆறு கால்தான் இருக்கும். நாய் மேல ஏறி சில நாள் ரத்தம் குடிச்சிட்டு கீழ விழுந்து ஏதாவது இடுக்குல போய் தோலுரிக்கும். தோலுரிச்சு வர்றது நிம்ஃப், எட்டு கால் வந்துடும், நடுப்பருவம்னு வெச்சுக்கோங்க. அது மறுபடி நாய் மேல ஏறி குடிச்சு மறுபடி எறங்கி மறுபடி தோலுரிச்சு பெரிய உண்ணி ஆகும். அது மூணாவது தடவை ஏறும். பொண்ணு உண்ணி ஒரு வாரம் போல ஒரே எடத்துல ஒட்டிக் குடிச்சு பல மடங்கு ஊதி கீழ எறங்கும், எறங்கி சுவத்துல மேல ஏறும். இந்த மேல ஏறற புத்தி இதுக்கு ரொம்பவே ஜாஸ்தி. சுவர் விரிசல், கதவு நிலைக்குப் பின்னாடி, ஸ்விட்ச் போர்டு ஓரம், ஃபோட்டோ ஃப்ரேம் பின்பக்கம், எங்க வீட்டுல காலண்டர், இப்படி எங்கயாவது போய் ஒரே தடவையில ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டு செத்துப்போகும். 4000 முட்டை வரைக்கும் போடும்ங்க ஒரே உண்ணி. நான் 43 பொறுக்கிட்டு காபி குடிச்சதை நெனச்சா இப்ப சிரிப்பா வருது.

கவனிச்சீங்களா, ஒரு பொண்ணு உண்ணிக்கு ஆயுசுக்கும் மூணே மூணு சாப்பாடு. மிச்ச நாள் பூரா மேன்ஷன் ரூம்லதான். நம்ம ஊர் சூட்டுக்கு இந்தச் சுத்து ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும், சாப்பாடு கெடைக்கலன்னா மாசக்கணக்குல பட்டினியா காத்துட்டு இருக்கவும் அதுக்குத் தெரியும். அதனால பூட்டிக் கெடந்த வீட்டுக்குக் குடி போனா உண்ணி இருக்காதுன்னு நம்பாதீங்க.

இதுவரைக்கும் சொன்னதோட சாரம்: நாய் மேல தெரியறது அந்த நேரத்துக்குச் சாப்பிட வந்தவங்க மட்டும். அவங்களப் புடுங்கிப் போட்டா மேன்ஷன்லேர்ந்து அடுத்த பந்தி வரும்.

தெள்ளுக்கு மெஸ்தான் வீடு, புள்ளைங்கதான் வெளியில

தெள்ளு கொஞ்சம் வேற மாதிரி. வளந்த தெள்ளு நாய் மேல ஏறிட்டா சாகற வரைக்கும் பெரும்பாலும் அங்கயேதான் சாப்பாடு, தூக்கம், குடும்பம் எல்லாம். ஒரு பொண்ணு தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரைக்கும் போடும். ஆனா அந்த முட்டை ஒட்டாது, உப்பு தூவின மாதிரி நாய் போற எடமெல்லாம் கொட்டும். நாய் எங்க அதிகம் படுக்குதோ அங்க அதிகம் கொட்டும், சோஃபா, பாய், கட்டில் அடி. பொரிஞ்சு வர்ற புழு வெளிச்சம் புடிக்காம துணி மடிப்புக்குள்ள போய், மேல இருந்து விழற அந்த மிளகுத்தூள் எச்சத்தைத் தின்னு வளரும். அப்பா அம்மா பார்சல் அனுப்பற மாதிரி. அப்பறம் தன்னைச் சுத்தி ஒட்டற மாதிரி ஒரு கூடு கட்டிக்கும், இதைக் கூட்டுப்புழுன்னு சொல்றோம்.

இந்தக் கூட்டுப்புழுதான் வில்லன். மருந்து அடிச்சாலும் கூட்டுக்குள்ள சரியா போகாது. வெளியில அதிர்வு, சூடு, மூச்சுக்காத்து இதெல்லாம் தெரிஞ்சாத்தான் கூட்டைக் கிழிச்சிட்டு வெளிய வரும், அது வரைக்கும் வாரக்கணக்குல உள்ளயே உக்காந்திருக்கும். லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து வீட்டைத் தொறந்ததும் கால்ல சுருக் சுருக்னு கடிச்சுதுன்னு சொல்றாங்கள்ல, அது இதான், உங்க காலடி அதிர்வுதான் அலாரம்.

பொதுவா சொல்ற கணக்கு என்னன்னா, வீட்டுல இருக்கற மொத்தத் தெள்ளுல வளந்து நாய் மேல இருக்கறது வெறும் 5 சதவீதம் போலதான். பாதி முட்டை, மூணுல ஒரு பங்குக்கு மேல புழு, மிச்சம் கூட்டுப்புழு. நீங்க சீப்பால வாரி எடுக்கறது அந்த அஞ்சுலதான்.

டிக் ஃபீவர், அதாவது உண்ணிக் காய்ச்சல், ஒரே நோய் இல்ல

ரத்தம் குடிக்கறதால வர்ற நஷ்டத்தை விட, குடிக்கறப்ப உண்ணி உள்ள துப்பறதுதான் பெரிய ஆபத்து. ரத்தம் உறையாம இருக்க, கடிக்கறது தெரியாம இருக்கன்னு எச்சிலை விட்டுக்கிட்டே குடிக்கும், அதுல கிருமி இருந்தா அதுவும் சேந்து போகும். போற கிருமி என்னங்கறதைப் பொறுத்து நோய் மாறும், ஆனா நாம எல்லாத்துக்கும் டிக் ஃபீவர்னு ஒரே பேர் வெச்சிட்டோம். பக்கத்து வீட்டு லேப்ரடாருக்குக் குடுத்த மாத்திரையை நம்ம நாய்க்கும் குடுக்கற பழக்கம் இதனாலதான் வருது.

நம்ம பக்கம் அடிக்கடி கேக்கற பேர் ரெண்டு. எர்லிக்கியா ஒரு பாக்டீரியா, வெள்ளை அணுக்குள்ள போய் உக்காரும், பிளேட்லெட் எறங்கும். பிளேட்லெட்னா ரத்தத்தை உறைய வெக்கற துணுக்குங்க. அது கொறைஞ்சா மூக்குல ரத்தம் வரும், வயித்துத் தோல்ல சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி வரும். இன்னொண்ணு பபீசியா, இது பாக்டீரியா இல்ல, மலேரியாக் கிருமி மாதிரி சிவப்பணுக்குள்ள புகுந்து ஒடைக்கற ஒரு செல் உயிரி. ஈறு வெளுத்துப் போகும், ஒண்ணுக்கு டிகாஷன் கலர்ல போகும், சிலதுக்கு மஞ்சள் காமாலை. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமா 28 நாள் குடுப்பாங்க, அதை மட்டும் குடுத்து பபீசியாவைக் கொணப்படுத்த முடியாது. சில நாய்க்கு ரெண்டும் சேந்தே வந்திருக்கும். அதனால ரத்த டெஸ்ட் எடுக்காம "இது டிக் ஃபீவர்தான்"னு முடிவு பண்றதுல ஒரு அர்த்தமும் இல்ல.

பிளேட்லெட்னு காதுல விழுந்ததும் நம்ம ஆளுங்களுக்கு டெங்கு ஞாபகம் வந்து பப்பாளி இலையை அரைக்கக் கெளம்பிடுவாங்க. கிருமியைக் கொல்ல அதால ஆகாது, அந்த ரெண்டு மூணு நாள் தள்ளிப்போறதுதான் நாய்க்கு ஆபத்து. நாயைத் தொட்டா சூடா இருக்குன்னும் பயப்பட வேணாம், அதுக்கு 101லேர்ந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் நார்மல். சாப்பாட்டுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு மூலையில சுருண்டு கெடந்தா அப்ப பயப்படுங்க.

ரேபிஸ் ஊசி, மத்த ஊசியெல்லாம் போட்டாச்சு, டிக் ஃபீவர் வராதுன்னு நெனைக்கறவங்களும் நெறைய. அந்த ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, எர்லிக்கியாவுக்குத் தடுப்பூசி கெடையாது.

தெள்ளால வர்ற தொல்லையை ரெண்டு வரியில சொல்லிடறேன். சில நாய்க்கு அதோட எச்சில் அலர்ஜி, ரெண்டு தெள்ளு கடிச்சாலே இடுப்புக்கு மேல முடி கொட்டற அளவுக்குச் சொறியும். அப்பறம் நாய் கடிச்சுக்கறப்ப தெள்ளை முழுங்கிட்டா நாடாப்புழு வரும், ஆசனவாய் கிட்ட அரிசி மாதிரி ஒட்டிட்டு இருந்தா அதான்.

மருந்து உள்ள என்ன பண்ணுது

மெஸ் கணக்குலயே பாத்தா மருந்து மூணு வகை. சாப்பாட்டுலயே வெக்கற வெடி, தரையில தெளிச்சு வெக்கற வெடி, வாசல்ல நிக்கற வாட்ச்மேன்.

மொதல் வகை மாத்திரை. பிரேவெக்டோ, நெக்ஸ்கார்டு, சிம்பாரிகா எல்லாம் ஒரே குடும்பம், ஐசாக்சசோலின்னு பேரு. பிரேவெக்டோ 12 வாரம், மத்த ரெண்டும் மாசத்துக்கு ஒண்ணு. மாத்திரை ரத்தத்துல கலந்திருக்கும், உண்ணியோ தெள்ளோ கடிச்சுக் குடிச்சாத்தான் சாகும். எப்படிச் சாகுதுன்னா, நரம்புக்கு ஆக்சிலரேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு, இந்த மருந்து பூச்சியோட நரம்புல பிரேக்கை அடைச்சிடும். பிரேக் இல்லாத பஸ் மாதிரி நரம்பு தாறுமாறா ஓடி வெறைச்சு செத்துப்போகும். நாய்க்கும் அதே மாதிரி பிரேக் உண்டு, ஆனா அதோட அமைப்பு வேற, மருந்து அதுல அவ்வளவா ஒட்டாது. அவ்வளவாங்கறதைக் கவனிங்க. 2018-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இந்தக் குடும்ப மருந்துங்களால சில நாய்ங்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம்னு எச்சரிக்கை குடுத்துச்சு. பெரும்பாலான நாய்க்கு ஒண்ணும் ஆகறதில்ல, ஆனா ஏற்கனவே வலிப்பு வந்த நாய்னா டாக்டர்கிட்ட அதை மொதல் வார்த்தையா சொல்லுங்க.

"மாத்திரை குடுத்தும் உண்ணி இருக்கு, டூப்ளிகேட் போல"ங்கறது வழக்கமான புகார். மாத்திரை யாரையும் வராதேன்னு தடுக்காதுங்க. தெள்ளு சில மணி நேரத்துல சாக ஆரம்பிக்கும், உண்ணிக்கு 24லேர்ந்து 48 மணி நேரம் ஆகலாம், அதுக்குள்ள நீங்க பாத்தா ஒட்டிட்டுதான் இருக்கும். மேன்ஷன்ல மிச்சம் இருக்கறவங்க ஒவ்வொருத்தரா வந்து சாப்பிட்டு ஒவ்வொருத்தரா சாகணும், அதுக்குத்தான் ரெண்டு மூணு மாசம். ஒரு மாசத்துல நிறுத்தினா பாதி கூட்டத்தை விட்டுட்டு மெஸ்ஸை மறுபடி ஒழுங்கா தொறந்து வெச்ச மாதிரி.

ரெண்டாவது, கழுத்துக்குப் பின்னாடி சொட்டு விடற ஸ்பாட் ஆன். இதுல அதிகம் வர்றது ஃபிப்ரோனில். தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசையோட உடம்பு பூரா பரவும், மேல பட்டாலே சாகும். முடி மேல விட்டா வேஸ்ட், முடியைப் பிரிச்சு தோல்ல விடணும், அதுவும் நாக்கு எட்டாத எடத்துல. முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, எண்ணெயைக் கழுவிட்டா மருந்து எதுல பரவும்? குளிப்பாட்டின ஒடனே மருந்து விட்டு "வேலை செய்யல"ன்னு நானே ஒரு வருஷம் சொல்லிட்டிருந்தேன்.

வாட்ச்மேன்னா பெர்மெத்ரின் கலந்த சொட்டு, டெல்டாமெத்ரின் காலர் இந்த மாதிரி. கடிக்கறதுக்கு முன்னாடியே வெரட்டும். எர்லிக்கியா உண்ணி ஒட்டின சில மணி நேரத்துலயே நாய்க்குப் போயிட முடியும், பபீசியாவுக்குப் பொதுவா ரெண்டு நாள் கிட்ட ஆகும். அதனால உண்ணி மோசமா இருக்கற ஏரியான்னா மாத்திரையோட காலரும் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கலாம். ஆனா வீட்டுல பூனை இருந்தா பெர்மெத்ரின் பக்கமே போகாதீங்க, பூனையோட கல்லீரலால அதை ஒடைக்க முடியாது, நடுங்கியே செத்துப்போகும்.

ஷாம்பூ அன்னிக்கு மேல இருக்கறதைக் கொல்லும், மறுநாளுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

சுருக்கமா: மாத்திரை கடிச்சா கொல்லும், சொட்டு பட்டா கொல்லும், காலர் வெரட்டும். மூணுமே தேதி தவறாம தொடர்ந்து போட்டாத்தான்.

தயவுசெஞ்சு பண்ணாதீங்கன்னு சொல்ற சிலது

கற்பூரம் நாய் நக்கினா வலிப்பு வரைக்கும் கொண்டு போகும். பூண்டு ஊட்டினா உண்ணி ஓடாது, நாயோட சிவப்பணுதான் ஒடையும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். மாட்டுக்குத் தெளிக்கற மருந்தை அளவு தெரியாம நாய் மேல ஊத்தறது, எறும்புப் பவுடர் தூவறது, இதெல்லாம் நாய் நக்கும்ங்கறதையே மறந்துட்டுப் பண்ற வேலை. ஐவர்மெக்டின் ஊசி தெள்ளுக்குக் கேக்காது, உண்ணிக்கும் நம்பற மாதிரி இல்ல, கோலி மாதிரி ஆடு மேய்க்கற ஜாதி நாய்ங்க பலதுக்கு இருக்கற ஒரு மரபணுக் கோளாறால அது மூளைக்குப் போய் உயிரையே எடுத்துடும். வேப்பெண்ணெய் மேல எனக்குப் பெரிய கோவம் இல்ல, கொஞ்ச நேரம் வாசனைக்கு வெலகும், அவ்ளோதான், 4000 முட்டைக்கு அது பதில் ஆகாது.

ஒட்டின உண்ணிய எடுக்க புருவம் எடுக்கற கூர் ப்ளக்கர் போதும். தோலை ஒட்டி, உண்ணியோட வாய்ப் பக்கமா புடிச்சு, நேரா மேல, நிதானமா இழுங்க. வயித்தைப் புடிச்சு நசுக்கினா உள்ள இருக்கறது நாய்க்குள்ளயே போகும். தீக்குச்சி, எண்ணெய், உப்பு எதுவும் வேணாம். எடுத்ததை நகத்தால நசுக்கற ஆசை எல்லாருக்கும் வரும், அந்த ரத்தம் உங்க கையில படும், சோப்புத் தண்ணியில போட்டு மூடிடுங்க.

மேன்ஷனைக் காலி பண்றது

நாய்க்கு மாத்திரை குடுத்த அதே வாரம் வீட்டையும் பாக்கணும். நாய் படுக்கற துணிய வாரம் ஒரு தடவை சுடுதண்ணியில அலசி வெயில்ல போடுங்க. வேக்குவம் இருந்தா சோஃபா இடுக்கு, கட்டில் அடி, சுவர் ஓரம்னு போட்டு ஒடனே பையைக் கட்டி வெளிய எறிஞ்சிடுங்க, தெள்ளுக் கூட்டுப்புழுவை அந்த அதிர்வே வெளிய இழுத்துடும், அதனால போட்ட மறுநாள் தெள்ளு ஜாஸ்தியா தெரிஞ்சா பயப்படாதீங்க. சுவர் விரிசலை பட்டி வெச்சு அடைக்கறதுதான் இருக்கறதுலயே சீப்பான உண்ணி மருந்து. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட சொல்லிட்டு அடைங்க, நான் சொல்லாம அடைச்சு ஒரு பஞ்சாயத்து ஆச்சு.

ரொம்ப முத்திப் போச்சுன்னா பெஸ்ட் கன்ட்ரோல். தரையை மட்டும் அடிச்சிட்டுக் கெளம்பப் பாப்பாங்க, விட்றாதீங்க, சுவத்து மேல் பக்கம், கதவு நிலை, சீலிங் ஓரம் எல்லாம் அடிக்கச் சொல்லுங்க, உண்ணி மேலதான் ஏறும். மருந்து காயற வரைக்கும் நாய், பூனை, குழந்தைங்க வெளிய, மீன் தொட்டி இருந்தா மூடி வெளிய. முட்டைக்குள்ள மருந்து போகாது, பொரியறதுக்கு 2லேர்ந்து 5 வாரம் ஆகும், அதனால ரெண்டு மூணு வாரம் விட்டு இன்னொரு தடவை அடிக்கணும். ஒரு தடவைக்கு மட்டும் காசு குடுத்து முடிச்சா மறுபடி மொதல்லேர்ந்துதான்.

சென்னை மாதிரி ஊர்ல உண்ணிக்கு சீசன்னு ஒண்ணு கெடையாது, மார்கழிக் குளிரெல்லாம் அதுக்கு ஒரு குளிரா, வருஷம் பூரா மருந்து ஓடணும். எங்க வீட்டுல மாத்திரைத் தேதிய தினசரி காலண்டர்ல சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு வெச்சிருக்கேன். காலையில தாள் கிழிக்கறப்ப அப்படியே காலண்டரை ஒரு தடவை தூக்கிப் பின்னாடியும் பாத்துடறது.